பஞ்சர் ஆகாத சக்கரத்தைக் கழற்றிய நாள்

தூரப் பயணத்துக்கு பைக்கில் என்னென்ன கருவி எடுத்துப் போகவேண்டும் என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் என்னிடமும் இருந்தது, இரண்டு பக்கத்துக்கு. அதை நம்பிப்போய்த்தான் போன வருடம் என் மானம் கப்பலேறியது. அதனால் இந்த முறை பட்டியலைக் கொடுக்காமல், அந்தப் பட்டியல் ஒரே நாளில் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று தெரியாதவர்களுக்கு: அரக்கோணத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர். வயது நாற்பத்தாறு. வண்டி பதினோரு வருடம் ஓடிய முந்நூற்றைம்பது சிசி. கம்பிச் சக்கரம், டயருக்குள் டியூப். கணவர் சாமுவேல் ரயில்வேயில் இருக்கிறார். அவருக்கு பைக் என்றால் மார்க்கெட்டுக்குப் போய்வருகிற சாமான், அவ்வளவுதான்.

போன வருடம் காலாண்டு விடுமுறையில் தனியாக ஹம்பிக்குக் கிளம்பினேன். புத்தூர் தாண்டியதும் கிளட்ச் கேபிள் அறுந்தது. எனக்குப் பயமே இல்லை. பையில் புத்தம்புதுக் கேபிள் இருக்கிறதே! பிரித்து வைத்துப் பார்த்தால் நாலு விரற்கடை குட்டை. மாடல் அதேதான், வருடம் வேறாம். கடைசியில் வண்டியைக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றி, இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. சாமுவேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அந்த ரோஷத்தில் நானாக வாயைக் கொடுத்தேன்: "இன்னொரு தடவ இந்த வண்டி குட்டியானைல வந்து எறங்குச்சுன்னா வித்துடலாம்."

அவர் அதை மறக்கவில்லை. இந்த வருடம் மறுபடி ஹம்பி என்று நான் பேச்செடுத்ததும், அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வெகுநாளாக இந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருப்பதைச் சொன்னார். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சனிக்கிழமை திருத்தணிக்குப் போய், எங்கள் மெக்கானிக் சலீம் வைக்கிற சோதனையை முடித்துவிட்டு, வண்டியை நானே ஓட்டிக்கொண்டு திரும்பினால் திங்கட்கிழமை ஹம்பி. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் வண்டியைப் பார்க்க வருவார். என் வண்டி என்னிடம் இருக்குமா இருக்காதா என்பது அந்த ஒரு நாளில் இருந்தது.

சனிக்கிழமை காலை 6.40க்குக் கிளம்பினேன். அரக்கோணத்திலிருந்து திருத்தணி பதினாலு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம் போதும். எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. அன்று கிருத்திகை. ஆண்டவரே, கிறிஸ்தவச்சிக்குக் கிருத்திகை எது என்று எப்படித் தெரியும்? மொட்டைத் தலையில் சந்தனமும் தோளில் காவடியுமாக ஊரே மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. நீங்கள் போவதாக இருந்தால் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சலீம் கடை அரக்கோணம் சாலையிலேயே இருக்கிறது. முப்பது வயது இருக்கும். மூன்று வருடமாக என் வண்டியைப் பார்ப்பவர். பையைப் பின்சீட்டிலிருந்து இறக்கியவர் ஒரு கணம் குனிந்தே நின்றார்.

"இன்னா டீச்சர், ஊட்டயே காலி பண்ணிகினு வந்துட்டீங்களா?"

பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். பதினோரு கிலோ நானூறு கிராம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு யோசித்து எடுத்து வைத்திருக்கிறேன் அல்லவா!

சலீம் ஒரு கோணியை விரித்தார். அவர் சொன்ன வேலை விசித்திரமாக இருந்தது. "ஒவ்வொண்ணா எடுங்க. வண்டில எந்த எடத்துக்கு அது வேணுமோ, அந்த எடத்து மேல வைங்க. எடம் இல்லாதத கோணில போடுங்க."

பத்து பதினொண்ணு ஸ்பேனரை பிரேக் பக்கம் வைத்தேன். பன்னிரண்டு பதின்மூன்றைக் கைப்பிடி மேல். பிளக் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது. பிறகு திணற ஆரம்பித்தேன். பதினேழு உருப்படி இருந்த சாக்கெட் பெட்டியில் என் வண்டிக்குப் பொருந்தியது நாலுதான். இரும்பு அறுக்கிற பிளேடு எந்த இடத்துக்கு? இரண்டு சுத்தியல் எதற்கு? ஒன்றே எதற்கு? யாரோ வீடியோவில் சொன்னார் என்று எழுநூறு ரூபாய்க்கு வாங்கிய பஞ்சர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். அது டியூப் இல்லாத டயருக்கான பெட்டி. என் டயரில் டியூப் இருக்கிறது. இரண்டு வருடமாக அதைச் சுமந்திருக்கிறேன்! சலீம் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

அதைவிடக் கொடுமை, பின் சக்கரத்து நட்டின் மேல் வைக்க என்னிடம் எதுவுமே இல்லை. அதற்கு இருபத்துநாலு ஸ்பேனர் வேண்டும். என் பெட்டியில் பெரியதே பத்தொன்பது. பதினோரு கிலோ இரும்பு இருந்தும் ஒரு பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்ற முடியாது. சலீம் தன்னுடைய பழைய இருபத்துநாலு ரிங் ஸ்பேனர் ஒன்றைக் கொடுத்தார். எல்லாம் முடிந்து தராசில் வைத்தபோது நாலு கிலோ அறுநூற்றைம்பது.

அடுத்து கிளட்ச் கேபிள். இந்த முறை சரியான வருடம் பார்த்து இருநூற்றெண்பது ரூபாய்க்குப் புதிது வாங்கியிருந்தேன். பையில் பத்திரமாக வைக்கப் போனேன். சலீம் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி வண்டியில் மாட்டினார். ஓடிக்கொண்டிருந்த பழையதைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். எனக்குப் புரியவில்லை. புதிதைத்தானே அவசரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

"பழசு இந்த வண்டில ஓடிக் காமிச்சிருக்குது டீச்சர். புதுசு இன்னும் காமிக்கல. ரோட்டுல நின்னுகினு இருக்கறப்ப எத நம்புவீங்க?"

இருபது வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். சரிபார்க்காத விடையை நம்பாதே என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். புத்தூரில் நான் செய்தது அதைத்தான், சரிபார்க்காத கேபிளை நம்பினேன். இந்த விதி எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அப்படியானால் டியூபுக்கும் அதேதானா என்று கேட்டேன். என்னிடம் ஐந்நூற்று இருபது ரூபாய்க்கு வாங்கிய புது டியூப் இருந்தது.

"ஆங், அதே தான். ஆனா அத நீங்க போடுங்க. ஆர்.கே.பேட்டை வரைக்கும் போய்ட்டு வாங்க. நடுவுல எங்கனா நிறுத்தி, பின் சக்கரத்த கழட்டி, புது டியூப போட்டுகினு வாங்க. அதான் சோதன. எனக்கு போன் பண்ணக் கூடாது."

"இங்கயே போட்டுக் காட்டறேனே?"

"இங்க நான் கீறேன். ஹம்பில கீறேனா?"

9.40க்குக் கிளம்பி, 10.05க்குக் கே.ஜி.கண்டிகையில் ஒரு டீக்கடை ஓரம், புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். கடை வைத்திருப்பவர் விஜயா. என்னைவிட ஐந்தாறு வயது சிறியவராக இருப்பார். "பஞ்சரா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் இன்னாத்துக்குக் கழட்டறீங்க?" என்றார். பழகிக்கொள்ள என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார்.

சக்கரத்தைக் கழற்றுவது நான் நினைத்ததைவிடச் சுவாரசியமான வேலை. எது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று கழற்றினால்தான் தெரிகிறது. இருபத்துநாலு ஸ்பேனரின் மேல் ஏறி நின்றுதான் நட்டை அசைக்க முடிந்தது. பிரேக் கம்பியை விடுவித்து, செயினைத் தள்ளி, அச்சை உருவியதும் ஒரு சிறிய இரும்பு வளையம் மண்ணில் விழுந்து உருண்டது. எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது? தெரியாது! பத்து நிமிடம் இரண்டு பக்கத்துத் தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இடப்பக்கம் என்று கண்டுபிடித்தேன். அதிலிருந்து ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன். நீங்கள் முதல் நட்டிலிருந்தே எடுங்கள்.

அதற்குள் பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாலைந்து பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் தன் மச்சான் துபாயில் மெக்கானிக்காக இருப்பதையே தகுதியாக வைத்துக்கொண்டு அரைமணி நேரம் எனக்கு உத்தரவு போட்டார். பஸ் வந்ததும் பாதி உத்தரவில் ஏறிப் போய்விட்டார்.

டயர் விளிம்பை மிதித்து விலக்கி, இரண்டு லீவர் போட்டு நெம்பி, பழைய டியூபை உருவி வண்டியின் கைப்பிடியில் மாட்டினேன். புது டியூபை உள்ளே திணித்தேன். டயரை மறுபடி சக்கரத்துக்குள் ஏற்றும்போது கடைசி ஒரு சாண் மட்டும் அடம் பிடித்தது. லீவரை முழு பலத்தோடு அழுத்தினேன். பொத்தென்று உள்ளே போனது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பம்பு எடுத்து அடித்தேன். நூறு அடி அடித்தும் டயர் எழவில்லை. காதை வைத்துக் கேட்டால் உஸ்ஸென்று சத்தம்.

திரும்ப எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். லீவரின் நுனி புது டியூபைக் கடித்து, அடுத்தடுத்து இரண்டு கீறல். சரி, ஒட்டிக்கொள்ளலாம். பையில் ரப்பர் ஒட்டும் இருக்கிறது, சொல்யூஷன் என்கிற பசையும் இருக்கிறது. சொல்யூஷன் மூடியைத் திறந்து பிதுக்கினேன். ஒன்றும் வரவில்லை. குழாயைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே பிசின் மாதிரி காய்ந்து கிடந்தது. எப்போதோ மகளுடைய சைக்கிளுக்குத் திறந்தது. அப்போதே செத்திருக்கிறது.

மணி 12.35. வலது கை விரல் முட்டி மூன்றிலும் தோல் உரிந்திருந்தது. சட்டை முழுக்கக் கிரீஸ். போன் பண்ணக்கூடாது என்று சொன்ன சலீம் மேல் கோபம் வந்தது, சாமுவேல் மேல் கோபம் வந்தது, என் மேல் வந்ததுதான் அதிகம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. நாற்பத்தாறு வயதில் நடுரோட்டில் அழக்கூடாது என்று மரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு குட்டியானை வந்து கடை முன்னால் நின்றது. ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர்களுக்கு நூல் இறக்கிவிட்டுக் காலியாகத் திருத்தணி திரும்புகிற வண்டி. ஓட்டி வந்தவர் விஜயாவின் அக்கா கணவராம்.

"பாவா, அந்த டீச்சரம்மா காலைலேர்ந்து கஷ்டப்பட்டுகினு கீறாங்க. வண்டிய ஏத்திகினு போய் திருத்தணில உடு" என்றார் விஜயா.

அவர் என் கையைப் பார்த்தார். "ஏத்திடலாம்மா. நான் சும்மாதான் போறேன். காசெல்லாம் வேணாம்."

எவ்வளவு நல்ல மனிதர்! அந்த நல்ல மனம்தான் என்னைக் கவிழ்த்தது. அதட்டியிருந்தால் மறுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற நண்பரை நினைத்தேன், வண்டி நிற்கும் இடம் வெறுமையாகக் கிடப்பதை நினைத்தேன். நினைத்துவிட்டும் சொன்னேன்:

"ஏத்துங்க."

அவர் பின்கதவை இறக்கினார். நின்றிருந்த இரண்டு பேர் கைகொடுக்க வந்தார்கள். முன்சக்கரத்தைத் திருப்புவதற்காகக் கைப்பிடியைப் பிடித்த விஜயா, அதில் தொங்கிய பழைய டியூபை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"டீச்சரம்மா, பஞ்சர் இல்லன்னுதான சொன்னீங்க? அப்ப இந்த டியூபுக்கு இன்னா கேடு?"

நான் டியூபைப் பார்த்தேன். காலையில் அரக்கோணத்திலிருந்து என்னைச் சுமந்து வந்த டியூப். ஒரு குறையும் இல்லாத டியூப். நானே கழற்றி, நானே கைப்பிடியில் மாட்டி, இரண்டு மணி நேரமாக அதை உரசிக்கொண்டே போய் வந்து, அதன் கீழேயே உட்கார்ந்து அழப் பார்த்திருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதை நான் நூறு பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் சிரித்தது பாவாதான். பிறகு எல்லாரும். பிறகு நானும், வயிறு வலிக்க. "எறக்குங்க, எறக்குங்க" என்றேன். இன்னும் ஏற்றவே இல்லை என்றார்கள்.

பாவா கிளம்பவில்லை. ஒரு டீ சொல்லிவிட்டு எதிரே குந்திக்கொண்டார். நான் டியூபைத் திணிக்கப் போனதும், "காத்து இல்லாம போட்டா மடிஞ்சி லீவர்ல மாட்டிக்கும். டியூப் உருண்டையா நிக்கற அளவுக்கு நாலு அடி அடிச்சிட்டு போடுங்க" என்றார். ஏன் கடித்தது என்ற கேள்விக்கு விடை அதுதான். விஜயா பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து ஒரு குவளையில் கொடுத்தார். டயர் விளிம்பில் தடவியதும் காலையில் அடம் பிடித்த அந்த ஒரு சாண், லீவரே இல்லாமல் பாதத்தால் மிதித்ததற்கே உள்ளே போனது. எனக்கு அதைத் திரும்பக் கழற்றி இன்னொரு முறை செய்து பார்க்க ஆசையாக இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

1.25க்கு வண்டி நின்றது, சொந்தக் காற்றில். மூன்று டீ, இரண்டு பன், ஐம்பத்தாறு ரூபாய். சோப்புக்குக் காசு வாங்கவில்லை. ஆர்.கே.பேட்டை போய்த் திரும்பித் திருத்தணி வரும்போது மணி 2.50. காலையிலிருந்து ஓடியது ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். சலீமிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, கீறல் விழுந்த புது டியூபை வாங்கி ஒட்டுப் போட்டு, மடிப்பு ஒட்டிக்கொள்ளாதபடி பவுடர் தூவி, துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "இப்ப இதுவும் பழசாயிட்சி" என்றார்.

திங்கட்கிழமை கிளம்பி ஹம்பி போய் வந்துவிட்டேன். ஆறு நாள், 1,180 கிலோமீட்டர். பையைத் திறந்தது இரண்டே தடவை. ஒன்று, பிரேக்கை இறுக்க. இன்னொன்று, கடப்பா தாண்டி வழியில் நின்ற ஒருவருக்குக் கட்டிங் பிளேயர் கொடுக்க. ஆகவே என்னென்ன எடுத்துப்போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பையை வண்டி மேல் பரப்புங்கள். ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கருவி உட்கார வேண்டும், உட்கார இடமில்லாத கருவி வீட்டில் இருக்க வேண்டும். புதிய உதிரியை வண்டியில் போட்டு, ஓடிய உதிரியைப் பையில் வையுங்கள். நான் பழைய கிளட்ச் கேபிளைப் பையில்கூட வைக்கவில்லை, புதியதன் கூடவே ஓடவிட்டு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும். சொல்யூஷன் பத்து ரூபாய்ப் பொருள், ஒவ்வொரு பயணத்துக்கும் திறக்காத குழாய் வாங்குங்கள். சோப்புத் துண்டு ஒன்று, கட்டுக்கம்பி ஒரு முழம், முகத்துக்குப் போடுகிற பவுடர் கொஞ்சம் இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தின வாரம் நல்ல சக்கரம் ஒன்றைக் கழற்றி மாட்டுங்கள். வீட்டு வாசலில் வேண்டாம், யாரென்று தெரியாத பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் செய்யுங்கள். என்னை அன்று கைவிடவைத்தது டியூப் இல்லை, வெட்கம். வெட்கம் வந்தால் கண் தெரிவதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 4.10க்கு வாசலில் வண்டியை நிறுத்தினேன். சாமுவேல் வெளியே வந்து முதலில் என் கையைத்தான் பார்த்தார். உள்ளே போய் மருந்து எடுத்துவந்தார். அவர் பஞ்சை வைத்துத் துடைக்கத் துடைக்க நான் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏத்துங்க" என்று சொன்னதை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. முடியவில்லை. சொன்னேன்.

"நான் தோத்துட்டேங்க. அந்தப் பொண்ணு கேக்கலன்னா குட்டியானைலதான் வந்திருப்பேன். உங்க ஃபிரண்ட நாளைக்கு வரச் சொல்லிடுங்க."

அவர் பஞ்சை வைத்துவிட்டு எழுந்து போய் வண்டியின் பின்னால் குனிந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பின் சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஆங், நான்தான். நாளைக்கு வராதீங்க. இல்லங்க, வண்டி விக்கறதா இல்ல. திங்கக்கெழம ஹம்பி போவுது."